மண்டல சுகாதாரத் திட்டத்தை ஊரின் தேவையோடு பொருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல லட்சம் பேர் வாழும் ஒரு மண்டலத்துக்குச் சுகாதாரத் திட்டம் போடுபவர்கள் ஒரு பக்கம். அந்தத் திட்டம் வந்து இறங்கும் ஊரும், அங்குள்ள சுகாதார நிலையமும், அதில் வேலை பார்க்கும் செவிலியரும் இன்னொரு பக்கம். ஊர்க்காரர்கள் தங்கள் தெருவைத் தாண்டி யோசிப்பதில்லை என்று மேலே இருப்பவர்கள் குறைப்படுகிறார்கள். எங்களை வந்து பார்க்காமலே எழுதிவிட்டார்கள் என்று கீழே இருப்பவர்கள் குறைப்படுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த மோதலில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பது என் உறுதியான எண்ணம். எந்த முடிவை யார் எடுப்பது என்று ஆரம்பத்திலேயே பிரித்து, அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லாததால்தான் அது வளர்கிறது.

மண்டலத் திட்டக் குழுவில் இருப்பவர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள், சுகாதார நிலையப் பொறுப்பாளர்கள், தொண்டு அமைப்பினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. பலர் மக்கள் கூட்டத்தில் தொடங்குகிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைத்திருக்கிறேன். ஏன் என்பது அங்கே வரும்போது விளங்கும்.

படி 1: முடிவுகளைப் பிரியுங்கள்

திட்டத்தில் உள்ள ஒவ்வொரு முடிவையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். 'தாய் சேய் நலத்தை மேம்படுத்துவது' என்பது முடிவு அல்ல, ஆசை. 'சிசேரியன் எந்தெந்த மருத்துவமனையில் நடக்கும்', 'கர்ப்பிணிப் பரிசோதனை வாரத்தில் எந்த நாள்', 'வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது யார்' என்பவை முடிவுகள். இப்படி உடைத்ததும், ஒரே தலைப்புக்குள் மேலே எடுக்க வேண்டியவையும் ஊரிலேயே எடுக்க வேண்டியவையும் கலந்து கிடப்பது தெரியும்.

ஒரு முடிவு மண்டலம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமா என்று பார்க்க நான் நான்கு கேள்விகள் கேட்பேன். நிறைய நோயாளிகளைப் பார்த்தால்தான் இந்தச் சிகிச்சையில் கை தேறுமா? ஓர் ஊர் எடுக்கும் முடிவு பக்கத்து ஊரின் உயிரைப் பாதிக்குமா? இது பாதுகாப்பு விதியா? சேர்ந்து வாங்கினால் விலையும் தரமும் தெளிவாக மேம்படுமா? ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் அது மண்டல முடிவு. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குள் வைப்பது, ரத்தம் ஏற்றும் முன் செய்யும் பரிசோதனைகள், தொற்றுநோய் பற்றிய தகவலை உடனே தெரிவிப்பது ஆகியவற்றில் ஊருக்கு ஊர் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் கேள்விக்கு லண்டன் நல்ல உதாரணம். 2010 வரை அந்நகரில் ஏறத்தாழ 30 மருத்துவமனைகள் பக்கவாத நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன. அதை மாற்றி, முதல் சில நாட்களுக்கான அவசர சிகிச்சையை 8 மையங்களில் மட்டும் குவித்தார்கள். ஆம்புலன்ஸ் சுமார் அரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு மையத்தை அடைய வேண்டும் என்பது கணக்கு. வீட்டருகே உள்ள மருத்துவமனையைத் தாண்டி ஆம்புலன்ஸ் போவதைப் பார்க்கும் குடும்பத்துக்கு அது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கிலாந்தின் மற்ற பகுதிகளோடு ஒப்பிடும்போது லண்டனில் பக்கவாத மரணங்கள் கூடுதலாகக் குறைந்தன. மான்செஸ்டர் பகுதியும் அதே காலத்தில் சேவையைக் குவித்தது. ஆனால் அங்கே, அறிகுறி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் வந்தவர்களை மட்டுமே சிறப்பு மையத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் பழையபடி அருகிலுள்ள மருத்துவமனைக்கே போனார்கள். மரணத்தில் லண்டன் அளவுக்கான பலன் அங்கே கிடைக்கவில்லை. பின்னர் எல்லா நோயாளிகளுக்கும் விரிவாக்கிய பிறகுதான் மரண விகிதத்தில் முன்னேற்றம் தெரிந்தது. மையத்தில் குவிக்க வேண்டியதைப் பாதி மனதோடு குவித்தால் தூரத்தின் கஷ்டம் மட்டும் மிஞ்சும்.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் வேண்டும். பிலிப்பைன்ஸ் 1991இல் கொண்டுவந்த உள்ளாட்சிச் சட்டத்தின்படி மருத்துவமனைகள் மாகாணங்களிடமும் சுகாதார நிலையங்கள் நகராட்சிகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. ஊரின் கையில் அதிகாரம் வந்தது நல்லதுதான். ஆனால் கீழிருந்து மேலே நோயாளியை அனுப்பும் சங்கிலி துண்டு துண்டாகிப் போனது. வசதியான நகராட்சி நன்றாக நடத்தியது, ஏழை நகராட்சி தடுமாறியது. 2019இல் வந்த அனைவருக்குமான சுகாதாரச் சட்டம் மாகாண அளவில் அவற்றைத் திரும்ப ஒன்றிணைக்க முயல்கிறது. அதிகாரத்தை மொத்தமாகக் கீழே தள்ளிவிடுவதும் பிரிப்பு ஆகாது.

சரி, ஊரிடம் விட வேண்டியவை எவை? நேரம், இடம், ஆள், மொழி, சொல்லும் முறை. புறநோயாளிப் பிரிவு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், பரிசோதனை முகாம் எங்கே நடக்க வேண்டும், வீடு வீடாகப் போவது ஆணா பெண்ணா, மனநலம் பற்றி எந்த வார்த்தையில் பேசினால் மக்கள் கதவைச் சாத்தமாட்டார்கள் என்பதெல்லாம் தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் மக்கள் வாழும் இடத்தில், காலை பத்து மணிக்கு ரத்த அழுத்தப் பரிசோதனை வைத்துவிட்டு 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது கட்டு மிஞ்சும். ஒரு பிரிவை மூடுவது, புதிய நிலையத்துக்கு இடம் தேர்வது, எந்த நோய்க்கு முன்னுரிமை தருவது போன்றவை அதில் வரும். இவை இரு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டியவை. உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இந்தக் கட்டுக்குத்தான் போக வேண்டும். மற்ற இரண்டையும் பிரித்து ஒதுக்கியதே இதற்கு நேரம் கிடைப்பதற்காகத்தான்.

படி 2: எண்களை உடைத்துப் பாருங்கள், ஆனால் அளவுக்கு மீறி உடைக்காதீர்கள்

மண்டல சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சம அளவுள்ள பத்து ஊர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஊர்களில் தட்டம்மைத் தடுப்பூசி 98 சதவீதக் குழந்தைகளுக்குப் போடப்பட்டிருக்கிறது. பத்தாவது ஊரில் 68 சதவீதம். சராசரி சரியாக 95 சதவீதம். தட்டம்மைப் பரவலைத் தடுக்கத் தேவையென்று சொல்லப்படும் அளவும் 95தான். அறிக்கையில் பச்சை நிறம் விழும். ஆனால் தட்டம்மை சராசரியைப் பார்த்து வருவதில்லை, அந்தப் பத்தாவது ஊருக்குள் நுழைந்துவிடும்.

எனவே உடைத்துப் பார்க்க வேண்டும். ஊர் வாரியாக, வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக, முடிந்தால் வருமான வாரியாகவும் தொலைவு வாரியாகவும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் ஊரில் வருடத்துக்கு 50 பிரசவங்கள்தான் நடக்கின்றன என்றால், ஒரு பச்சிளங்குழந்தை இறந்தால் விகிதம் ஆயிரத்துக்கு 20. இரண்டு இறந்தால் 40. மூன்றாம் ஆண்டு யாருமே இறக்கவில்லை என்றால் பூஜ்யம். இதை வைத்து 'இருமடங்கு மோசம்' என்று ஒரு செவிலியரைக் குற்றம் சாட்டுவதும், அடுத்த ஆண்டு அதே ஊருக்கு விருது கொடுப்பதும் அறிவற்ற செயல்கள். சின்ன ஊருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். அல்லது ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரியுங்கள். விசாரிக்க ஒரு நல்ல சட்டகம் இருக்கிறது. பேறுகால மரணங்களுக்குக் காரணமான மூன்று தாமதங்கள் என்று 1994 முதல் பொதுச் சுகாதாரத் துறையில் அது பேசப்படுகிறது: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதலாவதை ஊரும் குடும்பமும்தான் சரிசெய்ய முடியும். மூன்றாவது மண்டலத்தின் வேலை. இரண்டாவது இருவருடையதும். எண்ணால் சொல்ல முடியாததை இந்த விசாரணை சொல்லிவிடும்.

இன்னொன்று, பதிவேட்டில் இல்லாதவர்கள். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்கள், முகவரி இல்லாதவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் சுகாதார நிலையத்தின் தரவில் இருக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் அங்கே வந்ததே இல்லை. வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து தேவையைக் கணித்தால், ஏற்கெனவே சேவை கிடைக்கும் இடத்துக்கே மேலும் சேவை போகும்.

மண்டலத்தின் முன்னுரிமைப் பட்டியலுக்குள் வராமலே ஓர் ஊரின் பெரிய துயரம் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பாம்புக்கடி இதற்குப் பொருத்தமான உதாரணம். நகரங்களைச் சேர்த்து எடுத்த சராசரியில் அது கண்ணுக்கே தெரியாது. வயல்வெளி ஊருக்கோ அது ஒவ்வொரு பருவத்திலும் வரும் பயம். உலக சுகாதார நிறுவனமே 2017இல்தான் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, அதை ஏற்றத் தெரிந்தவர் இரவிலும் இருக்கிறாரா என்பதே அந்த ஊரின் முதல் கேள்வியாக இருக்கும்.

படி 3: ஊரைக் கேளுங்கள்

இப்போதுதான் கூட்டம். ஏன் இவ்வளவு தாமதம்? எது பேச்சுக்கு உரியது, எது ஏற்கெனவே முடிவானது என்று தெரியாமல் கூட்டம் கூட்டினால், மக்கள் கேட்பதில் பாதியை உங்களால் தர முடியாது. அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: இவை முடிவாகிவிட்டன, காரணம் இது. இவற்றை நீங்களே முடிவு செய்யலாம். இவற்றை நாம் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். முடிவான ஒன்றை முடிவாகவில்லை என்று காட்டி 'கருத்துக் கேட்பு' நடத்துவதைவிட, கூட்டமே நடத்தாமல் இருப்பது நேர்மை.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே வெறும் ஏமாற்று, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், மேலே உண்மையான அதிகாரப் பகிர்வு. எல்லா முடிவுகளும் உச்சிப் படியில் இருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறைக்காமல் இருந்தால் போதும்.

யாரைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். பொதுக்கூட்டத்தில் எப்போதும் பேசுபவர்களே பேசுவார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் அது முழு ஊர் இல்லை. பெண்களைத் தனியாக, இளைஞர்களைத் தனியாக, நோயோடு வாழ்பவர்களைத் தனியாகச் சந்தியுங்கள். அவர்கள் கூடும் இடத்துக்கு, அவர்களுக்கு வசதியான நேரத்தில் போங்கள். சமூகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட பிரிவினரை அவர்கள் இடத்திலேயே போய்க் கேட்காவிட்டால், கூட்டத்தில் எழும் 'ஊரின் குரல்' ஆதிக்கம் உள்ளவர்களின் குரலாகத்தான் இருக்கும். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். பதில் பெரும்பாலும் 'ஒரு பெரிய ஆஸ்பத்திரி' என்றுதான் வரும். 'கடைசியாக உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனபோது முதலில் எங்கே போனீர்கள், அப்புறம் எங்கே, எவ்வளவு நேரம் ஆனது, எங்கே திருப்பி அனுப்பினார்கள்?' என்று கேளுங்கள். அந்தப் பயணத்துக்குள் தேவை முழுவதும் இருக்கும்.

எண்களையும் மக்களின் மதிப்பீட்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பட்ட பாடு கவனிக்கத்தக்கது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் எந்தச் சிகிச்சைக்கு முன்னுரிமை என்று அங்கே ஒரு பட்டியல் தயாரித்தார்கள். செலவையும் பலனையும் வகுத்துப் பார்த்த 1990ஆம் ஆண்டின் முதல் பட்டியலில், பல்லுக்கு மூடி போடுவது குடல்வால் அறுவை சிகிச்சைக்கு மேலே வந்து நின்றது. சூத்திரப்படி கணக்கு சரி. ஆனால் உயிரைக் காப்பாற்றுவதை மக்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பது அந்தச் சூத்திரத்துக்குள் இல்லை. பொதுக்கூட்டங்களில் வெளிப்பட்ட மதிப்பீடுகளையும் ஆணையத்தின் தீர்ப்பையும் சேர்த்து வரிசையை மாற்றி, 1994இல்தான் நடைமுறைப்படுத்தினார்கள்.

கேட்பது ஒருநாள் வேலையும் அல்ல. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் மாதம் ஒருமுறை கூடி, உள்ளூர்ப் பெண் ஒருவர் வழிநடத்த, பிரசவ காலச் சிக்கல்களைப் பேசித் தீர்வுகளைத் தாங்களே வகுத்தார்கள். அவசரத்துக்கு ஒரு நிதி, தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர், சுத்தமான பிரசவத்துக்கு வேண்டிய பொருட்கள் கொண்ட பை போன்றவை அப்படி வந்தவை. 2004இல் வெளியான முடிவுப்படி, குழுக்கள் இல்லாத பகுதிகளைவிட அங்கே பச்சிளங்குழந்தை மரணம் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. இதே முறையைப் பங்களாதேஷில் முதலில் முயன்றபோது பலன் தெரியவில்லை. ஒரு குழுவுக்கு மிக அதிக மக்கள்தொகை, கர்ப்பிணிகளில் கொஞ்சம் பேரே குழுவுக்குள் வந்தார்கள். குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிய பிறகு அங்கும் மரணம் குறைந்தது. சாட்சிக்கு நாலு பேரை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வதற்கும், ஊரில் கணிசமானவர்கள் உண்மையிலேயே பங்கேற்பதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்க் கணக்கிலேயே தெரிந்தது.

படி 4: பணத்தை இரண்டு வழியாக அனுப்புங்கள்

வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு விதியைச் சொன்னார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கும், சந்தையின் கையில் விட்டால் இந்தப் போக்கு இன்னும் வலுக்கும் என்பது அதன் சாரம். 'போன ஆண்டு கொடுத்ததோடு இவ்வளவு சதவீதம் சேர்த்து' என்று பட்ஜெட் போடும் இடங்களில் எல்லாம் இந்த விதி அப்படியே வேலை செய்யும். ஏற்கெனவே கட்டடமும் மருத்துவரும் இருக்கும் இடத்துக்கே பணம் போய்க்கொண்டிருக்கும்.

இதை மாற்ற இங்கிலாந்தில் 1976இல் ஒரு பணிக்குழு புதிய சூத்திரம் தந்தது. மக்கள்தொகையை எடுத்து, வயது, பாலினம் ஆகியவற்றுக்கும் மரண விகிதத்துக்கும் எடை சேர்த்து (அதாவது, தேவை அதிகமுள்ள இடத்தின் பங்கு கூடும்படி கணக்கிட்டு), அதன்படி மண்டலங்களுக்குப் பிரிப்பது. நோயின் அளவை நேராக அளக்க முடியாததால் மரண விகிதத்தை அதற்குப் பதிலியாக வைத்தார்கள். உங்கள் மண்டலத்துக்குள் ஊர்களிடையே பிரிக்கும்போதும் இதே வழியில் போகலாம். தொலைவுக்கும் வறுமைக்கும் எடை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் ஒரு ஊரிடமிருந்து பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுத்தால் கலவரம்தான் வரும். புதிதாக வரும் நிதியைத் தேவை அதிகமுள்ள ஊர்களுக்கு முதலில் திருப்பி, சில ஆண்டுகளில் சமன்செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டாவது வழி, ஊர் தானே செலவு செய்யும் நிதி. தொகை சிறியதாக இருக்கட்டும், ஆனால் முன்அனுமதி கேட்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. நோயாளிகள் உட்கார நிழல், இரவு நேரத்துக்கு ஒரு வாகன ஏற்பாடு, மொழி தெரிந்த ஒரு உதவியாளர் போன்றவற்றுக்கு மேலிடத்துக் கையெழுத்துக்காக ஆறு மாதம் காத்திருக்கும் அமைப்பில் 'ஊரின் பங்கேற்பு' என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. நிபந்தனை இரண்டு போதும்: எதற்குச் செலவழித்தோம் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கணக்குத் தணிக்கை நடக்க வேண்டும்.

படி 5: ஊர் 'வேண்டாம்' என்று சொல்லும்போது

எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் மோதல் வரும். அதிகம் வருவது ஒரு பிரிவை, குறிப்பாகப் பிரசவப் பிரிவை, மூடும்போதுதான். மண்டலக் குழு சொல்வதில் நியாயம் இருக்கலாம்: மயக்க மருந்து நிபுணர் இல்லை, ரத்தம் கைவசம் இல்லை, மாதத்துக்குச் சில பிரசவங்களே நடக்கின்றன, சிக்கலானால் காப்பாற்ற முடியாது. ஊர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்: புதிய இடம் தூரம், ராத்திரியில் வண்டி கிடையாது, துணைக்கு வருபவர் தங்க இடமில்லை.

இங்கே வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மாற்று ஏற்பாடு, அது ஓடுகிறது என்று உறுதியான பிறகு மூடுவது. ஆம்புலன்ஸ் உண்மையில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று மழைக்காலத்திலும் நள்ளிரவிலும் சோதித்துப் பாருங்கள். வரைபடத்தில் அளந்த நிமிடங்களை நம்ப வேண்டாம். பிரசவ தேதி நெருங்கும் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க மருத்துவமனைக்குப் பக்கத்தில் காத்திருப்பு இல்லம் அமைப்பது பல நாடுகளில் இருக்கும் ஏற்பாடு. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தேவையான பரிசோதனைகள் எல்லாம் ஊரிலேயே தொடர வேண்டும். பிரசவம் மட்டும்தான் இடம் மாறுகிறது, மீதி மாறவில்லை என்பது தெரிந்தால் எதிர்ப்பு தணியும். எத்தனை பேர் கூடுதலாகப் பயணிக்கப் போகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஏழைகள் என்ற கணக்கையும் வெளியிடுங்கள். எத்தனை உயிர் காப்பாற்றப்படும் என்ற உங்கள் கணக்கையும் வெளியிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதுதான் மக்களை மதிப்பது.

சில இடங்களில் உள்ளடக்கம் மாறவே முடியாது, ஆனால் முறை மாறலாம். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவி 28,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர், 11,000 பேருக்கு மேல் இறந்தனர். இறந்த உடலைத் தொட்டால் தொற்றும் என்பது மாறாத உண்மை. ஆனால் தொடக்கத்தில் பாதுகாப்பு உடை அணிந்த குழுக்கள் வந்து, குடும்பத்திடம் பேசாமல் உடலை எடுத்துப் போனபோது மக்கள் உடல்களை மறைத்தார்கள், இரவில் ரகசியமாக அடக்கம் செய்தார்கள். தொற்று மேலும் பரவியது. 2014 நவம்பரில் செஞ்சிலுவை அமைப்பினர், மதத் தலைவர்கள் ஆகியோரோடு சேர்ந்து உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பும் கண்ணியமும் சேர்ந்த புதிய அடக்க முறையை வகுத்தது. பாதுகாப்பின்றி உடலைத் தொடக்கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. குடும்பத்தின் சம்மதம், பிரார்த்தனை, விடைகொடுக்க நேரம், அடக்கத்தில் குடும்பத்தின் பங்கு ஆகியவை உள்ளே வந்தன. ஊர் மறுக்கும்போது, அது விதியை மறுக்கிறதா அல்லது விதி வந்த விதத்தை மறுக்கிறதா என்று பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

பேசியும் உடன்பாடு வராவிட்டால், இறுதி முடிவு யாருடையது என்பது படி 1இலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எடுத்தவர் நேரில் வந்து ஊரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். கீழ்நிலை ஊழியரை அனுப்பிச் சொல்ல வைப்பது கோழைத்தனம். அதன் விளைவை அந்த ஊழியர்தான் அடுத்த பல ஆண்டுகள் அந்த ஊரில் சுமப்பார்.

படி 6: உடன்பாட்டை எழுதி, குழுவுக்கு அதிகாரம் கொடுங்கள்

இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். மண்டலம் என்ன தரும், ஊர் என்ன செய்யும், எந்த எண்களைப் பார்ப்போம், எப்போது திருத்துவோம், சண்டை வந்தால் யாரிடம் போவோம். எல்லோருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும்.

கண்காணிக்கும் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதில் பிரேசிலின் அனுபவம் உதவும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே நகராட்சி, மாநிலம், தேசம் ஆகிய மூன்று மட்டத்திலும் சுகாதார மன்றங்கள் உண்டு. இடங்களில் பாதி சேவையைப் பயன்படுத்தும் மக்களின் பிரதிநிதிகளுக்கு. மன்றமும் சுகாதாரத் திட்டமும் இல்லாத நகராட்சி மத்திய நிதியை நேரடியாகப் பெற முடியாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டாவது பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணத்தோடு கட்டப்படாத ஆலோசனைக் குழு, முதல் இரண்டு கூட்டத்துக்குப் பிறகு தேநீரோடு முடிந்துவிடும்.

படி 7: களப்பணியாளரின் சுமையை எண்ணுங்கள்

மண்டலத்தின் ஒவ்வொரு திட்டமும் ஒரு பதிவேட்டோடு வரும். காசநோய்க்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஒன்று, அதையே திரும்ப கைபேசிச் செயலியில் இன்னொரு முறை. எல்லாம் வந்து விழுவது ஒரே ஒரு பெண்ணின் மேல். ஊரின் தேவையைத் தெரிந்துவைத்திருப்பவரும் அவரே, ஊர் நம்புபவரும் அவரே. புதிய பணி ஒன்றைச் சேர்க்கும் முன் அவரிடமிருந்து எதை எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். எதையும் எடுக்க முடியாவிட்டால் இன்னொரு ஆளைப் போடுங்கள். அதற்கும் பணம் இல்லையென்றால் அந்தப் புதிய பணியை இப்போதைக்குத் தொடங்காதீர்கள். ஊதியமில்லாத 'தன்னார்வலர்' என்ற பெயரில் ஏழைப் பெண்களின் உழைப்பை வாங்கிக்கொண்டு சமநிலை பற்றிப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

படி 8: பாருங்கள், திருத்துங்கள்

மண்டலம் முழுக்க ஒரே மாதிரி அளக்க ஐந்தாறு எண்கள் போதும். கூடவே ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒன்றிரண்டைத் தேர்ந்துகொள்ளட்டும். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்கள் எத்தனை என்பது பல ஊர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்று. அதை அளக்க எந்தக் கருவியும் தேவையில்லை.

ஊர் மக்களே நிலையத்தைக் கண்காணித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உகாண்டாவில் நிலையம் எப்படிச் செயல்படுகிறது என்று காட்டும் மதிப்பீட்டு அட்டையை மக்களிடம் கொடுத்து ஊழியர்களோடு பேச வைத்த ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் 33 சதவீதம் குறைந்ததாக 2009இல் சொன்னது. பின்னர் அதே நாட்டில் பெரிய அளவில் செய்த ஆய்வில் மரணத்தில் அப்படியொரு குறைவு தெரியவில்லை, சிகிச்சையின் தரத்தில் சிறிய முன்னேற்றமே தெரிந்தது. மருந்தும் ஆளும் இல்லாத நிலையத்தை எவ்வளவு கண்காணித்தாலும் மருந்து முளைக்காது. ஊர் கேட்பதை நிறைவேற்ற மண்டலத்திடம் ஒரு வழி இருக்க வேண்டும், கேட்டது எங்கே போய் நின்றது என்று ஊருக்குத் தெரியவும் வேண்டும்.

அதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு சாதாரணப் பட்டியல். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி: எந்த நாளில் கேட்டார்கள், யாரிடம் இருக்கிறது, ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, மறுத்தால் என்ன காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து சுகாதார நிலையத்தின் வாசலில் ஒட்டுங்கள். காரணத்தில் 'நிதி இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நிதி இந்த ஆண்டு எந்த ஊருக்கு, எதற்காகப் போனது என்பதையும் எழுதுங்கள். வருடம் ஒருமுறை, திட்டத்தைத் திருத்தும் கூட்டத்துக்கு முன்னால், மறுக்கப்பட்ட வரிகளை மட்டும் எல்லா ஊர்களிலிருந்தும் சேர்த்து வாசியுங்கள். ஒரே கோரிக்கை பல ஊர்களில் மறுக்கப்பட்டிருந்தால், அதை அடுத்த மண்டலத் திட்டத்தின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.